வாத்வான் துறைமுகம்: நவா ஷேவா இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

தாராவியில் தைத்த தோல் பை ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் இடம் மும்பை அருகே உள்ள நவா ஷேவா துறைமுகம். கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அது பழகிய பெயர். அது போதாதா, மகாராஷ்டிரத்தின் டஹாணு அருகே வாத்வானில் 76,220 கோடி ரூபாயில் இன்னொன்று எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள்.

காரணம் ஆழம். இருபதாயிரம் கன்டெய்னர் பெட்டிகளுக்கு மேல் ஏற்றும் தாய்க்கப்பல் முழுச் சுமையோடு வந்தால் அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் 16 மீட்டரைத் தாண்டும். நவா ஷேவா 15 மீட்டர் அளவுக்குத்தான் தாங்கும். அதற்கும் ஓயாமல் தூர்வார வேண்டும். வாத்வானில் கரைக்குப் பக்கத்திலேயே இயற்கையாக ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம் இருக்கிறது.

ஆழம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். பெட்டி சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே இறங்கி, மறுபடி தாய்க்கப்பலில் ஏறும். இரட்டைக் கூலி, கூடுதல் நாட்கள். இப்படி மாற்றி ஏற்றப்படும் இந்தியச் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில் கைமாறுகிறது என்பது மத்திய அரசின் கணக்கு. கொழும்பில் ஒரு முக்கிய முனையம் சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நம் ஏற்றுமதி இன்னொரு நாட்டின் கதவை நம்பி நிற்பது நல்லதல்ல. ஆனால் கொழும்புக்கு நேரடிப் போட்டி கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம்தான். வாத்வானின் பலம் வேறு: வட இந்தியச் சரக்கு தனிச் சரக்கு ரயில் பாதை வழியாக வந்து பெரிய கப்பலில் ஏறலாம்.

மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது, ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பங்கு, நவா ஷேவாவை நடத்தும் ஜவாஹர்லால் நேரு துறைமுக ஆணையத்துக்கு 74 சதவீதம், மகாராஷ்டிர கடல்சார் வாரியத்துக்கு 26 சதவீதம். திட்டத்தில் 9 கன்டெய்னர் முனையங்கள், ஆண்டுக்கு 29.8 கோடி டன் கொள்ளளவு.

இதற்காகக் கடலில் 1,448 ஹெக்டேரை மண் கொட்டித் தூர்க்க வேண்டும். டஹாணு 1991 முதல் சூழல் பாதுகாப்புப் பகுதி. அங்குள்ள சுற்றுச்சூழல் ஆணையம் 1998இல் இதே இடத்தில் துறைமுகம் வேண்டாம் என்றது, 2023இல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. மீனவர்கள் இன்றும் எதிர்க்கிறார்கள். துறைமுகம் தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் இழப்பீட்டுக் கணக்கு படகு வைத்திருப்பவரோடு நின்றுவிடக் கூடாது. மீன் காயவைத்து, கூடை சுமந்து விற்கும் பெண்களின் பெயரும் அதில் ஏற வேண்டும்.