வல்லிசை: ஹெவி மெட்டலுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஹெவி மெட்டல் என்பது கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் ராக் இசை; அதன் கிளைகளில் ஒன்று டெத் மெட்டல். மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் 'டெத் மெட்டல்' என்று தட்டிப் பார்த்தேன். 'மரண உலோகம்' என்று வந்தது. குடிநீரில் பாதரசம் கலந்துவிட்டதாக அறிவிப்பு வந்த மாதிரி இருந்தது. 'ஹெவி மெட்டல்' என்று கொடுத்தால் 'கன உலோகம்'. வேதியியல் பாடத்துக்கு அது சரிதான். ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் கன உலோகங்களே. கிட்டாரும் டிரம்ஸும்தான் காணாமல் போய்விட்டன.

ஆங்கிலத்தில் மட்டும் இந்தப் பெயர் பொருந்தி வந்ததா என்ன? 'மெட்டல்' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியின் 'மெட்டல்லான்'. அதற்குச் சுரங்கம் என்று பொருள். சுரங்கத்திலிருந்து எடுத்த பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஹெவி'க்கு 1960களின் அமெரிக்க இளைஞர் பேச்சில் இன்னொரு பொருளும் இருந்தது: ஆழமானது, லேசில் ஒதுக்க முடியாதது. வில்லியம் பரோஸ் அந்தக் காலத்து நாவல்களில் 'ஹெவி மெட்டல் கிட்' என்று ஒரு பாத்திரம் படைத்தார். 1968இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழு பாடிய மோட்டார் சைக்கிள் பாட்டில் 'ஹெவி மெட்டல் தண்டர்' என்று ஒரு தொடர் வருகிறது. அங்கேயும் அது இசைவகையின் பெயர் இல்லை. 1970, 71 வாக்கில் அமெரிக்க இசை இதழ்களின் விமர்சனங்களில்தான் அது இசைக்குப் பெயரானது. சில நேரம் வசையாகவே.

இசை பிறந்த கதையில் மட்டும் உண்மையான உலோகம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே தகட்டு ஆலையில் வேலை பார்த்த 17 வயது கிட்டார்க்காரர் டோனி ஐயோமியின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர். கம்பிகளை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டார். மெல்லிய கம்பிகளை மாட்டினார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த, அவருடைய பிளாக் சாபத் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களில் மூன்று அரைச்சுரம் கீழே போய்விட்டார்கள். இன்று நாம் 'கனம்' என்று சொல்லும் அந்த ஒலிக்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

சரி, தமிழுக்கு வருவோம். 'உலோகம்' வடமொழியின் 'லோஹ'த்திலிருந்து வந்தது. தனித்தமிழ் வேண்டுவோர் 'மாழை' என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் 'வன்மாழை இசை' என்றால் வாழை பற்றிய பேச்சு என்றுதான் நினைப்பார்கள். பழைய தமிழில் 'பொன்' என்பதே உலோகத்துக்குப் பொதுப்பெயராகவும் இருந்தது. ஐம்பொன் சிலை என்பதில் அந்தப் பொருள் இன்னும் பிழைத்திருக்கிறது. ஆனால் என் கணக்கில், உலோகத்தைப் பெயர்க்கப் போனதே முதல் தப்பு. பெயர்க்க வேண்டியது ஓசையை.

அதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது. 'லைட் மியூசிக்'கை நாம் 'இலகு இசை' என்று பெயர்க்கவில்லை, 'மெல்லிசை' என்றோம். அதற்கு எதிரே இருப்பது வல்லிசை. இது நான் கட்டிய சொல்லும் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களை, அதாவது பாட்டின் ஓசை வகைகளை, சொல்கிறது. அதில் 'வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுமே' என்று ஒரு நூற்பா. அடுத்ததே மெல்லிசை வண்ணம். க, ச, ட, த, ப, ற அடுக்கடுக்காக வந்து மோதும் பாட்டு வல்லிசை. உள்ளங்கை விளிம்பால் கம்பியை அமுக்கிக்கொண்டு மெட்டல் கிட்டார் வாசிப்பவர் தட்டும் தட்டுகளைக் கேளுங்கள்; ஒவ்வொன்றும் ஒற்று மிகுந்த வல்லினம். 'அப்படியானால் ஹார்ட் ராக்குக்கு என்ன சொல்வாய்?' என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதை ஹார்ட் ராக் என்றே விட்டுவிடலாம்.

தாய்ப்பெயர் இப்படிச் சுலபமாக அமைந்துவிட்டது. பிள்ளைகள்தான் படுத்துகின்றன.

'திராஷ்' மெட்டலை எடுத்துக்கொள்வோம். மெட்டாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்று 1980களில் கிளம்பிய கூட்டம். பங்க் இசையின் வேகத்தை மெட்டலில் ஏற்றியவர்கள். 'திராஷ்' என்றால் அடித்து நொறுக்குவது. அதன் மூத்த வடிவம் 'திரெஷ்', அதாவது களத்தில் கதிரடிப்பது. அப்படியானால் நேர்ச்சொல் 'போரடி'! வைக்கோல் பறக்கும் அருமையான வினை. ஆனால் இன்று 'போரடிக்கும் இசை' என்று எழுதினால் ரசிகர்கள் என்னைத்தான் போரடிப்பார்கள். ஆங்கில 'போர்' உள்ளே புகுந்து ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைக் கெடுத்துவிட்டது.

'ஸ்பீட் மெட்டல்' நேர்மாறு. தொல்காப்பியரின் அதே பட்டியலில் 'முடுகு வண்ணம்' இருக்கிறது. அடியின் எல்லை தாண்டி ஓடும் ஓசை. முடுகு வல்லிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

'டூம் மெட்டல்' எனக்கு மிகவும் பிடித்த இடம். இழுத்து இழுத்து, பிணம் சுமந்து நடப்பது போல் போகும் இசை. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986இல் தன் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே இந்தப் பெயரைக் கோர்த்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'டோம்' என்றால் தீர்ப்பு, சட்டம். தப்ப முடியாத முடிவு என்ற பொருள் பின்னால் வளர்ந்தது. இதற்குத் தமிழில் தேடவே வேண்டாம்: ஊழ். உருத்து வந்து ஊட்டும் அதே ஊழ். ஊழ் வல்லிசை என்று சொல்லும்போது, அந்த நெடிலும் ழகரமும் நாக்கை மெதுவாக்கிவிடுவதைக் கவனியுங்கள்.

'டெத் மெட்டல்' 1985இல் வந்த பொசெஸ்ட் குழுவின் ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயர். 'டெத்' என்றே பெயர் வைத்துக்கொண்ட புளோரிடாக் குழுவும் இந்த வகையை வளர்த்தது. தொண்டைக்குள் உறுமும் குரல், இயந்திரத் துப்பாக்கி மாதிரி டிரம்ஸ். 'மரண மெட்டல்' என்று எழுதலாமே என்றால் ஒரு சிக்கல். 'மரண அடி', 'மரண மாஸ்' என்று புழங்கிப் புழங்கி, 'மரண' இப்போது பாராட்டின் அடைமொழி. 'மரண மெட்டல்' என்றால் 'செம மெட்டல்' என்றுதான் காதில் விழும். சாவு வல்லிசை என்பேன். கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

பிளாக் மெட்டல் என்ற பெயர் நியூகாசில் குழு வெனம் 1982இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் நார்வே இளைஞர்கள் அதைப் பனியும் இருளுமாக வேறொன்றாக்கினார்கள். அவர்களில் சிலர் மரத்தால் ஆன பழைய தேவாலயங்களுக்குத் தீ வைத்ததும் அந்தக் காலத்தில்தான். பழந்தமிழில் இதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கரும்பொன்'. அகராதியில் அதற்குப் பொருள் இரும்பு! வேடிக்கையாக இருந்தாலும், இந்தப் பெயரை வைத்துக்கொள்ளவே எனக்கு ஆசை.

ஃபோக் மெட்டலுக்கு நாட்டார் வல்லிசை போதும். பவர், நூ, மெட்டல்கோர் வகைகளை அப்படியே ஒலிபெயர்ப்பது நல்லது. தமிழாக்கினால் உர மூட்டைப் பெயர் போல ஆகிவிடுகிறது.

'ஜெண்ட்' என்று ஒரு வகை உண்டு. அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் வேர் கிடையாது. மெஷுக்கா போன்ற குழுக்கள் தாழ்ந்த கம்பியை அமுக்கித் தட்டும்போது எழும் ஓசைதான் அது: ஜெண்ட், ஜெண்ட். சடசட, தகதிமி மாதிரி ஒலிக்குறிப்பு. அதைப் பெயர்க்க வேண்டியதே இல்லை, வாயால் தட்டிக் காட்டினால் போதும்.