அறுபது சதவீதம் சரி, எதில் அறுபது?

போன வாரம் ஆலோசனைக்கு வந்த பெரியவர் ஒருவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். பருப்புக்கீரை இலைப்பொடி அடைத்த கேப்சூல். "அறுபது பெர்சன்ட் ஒமேகா-3ன்னு போட்டிருக்கு மேடம். அதான் டாக்டர் எழுதின மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்திட்டேன்." ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறியதற்காகக் கொடுத்த மாத்திரை அது.

டப்பாவில் போட்டிருந்தது பொய் என்றால் என் வேலை சுலபமாகியிருக்கும். பொய்யில்லை.

இலையிலுள்ள கொழுப்பு அமிலங்களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கும்போது, 'மொத்தக் கொழுப்பு அமிலங்களில் இத்தனை சதவீதம்' என்றுதான் பெரும்பாலும் முடிவு எழுதுவார்கள். பருப்புக்கீரையில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் (இலைகளில் இருக்கும் ஒமேகா-3 இதுதான்) அறுபதை ஒட்டி வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அனேகமாக எல்லாப் பச்சை இலைகளிலும் அதற்கே முதலிடம்; ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தின் சவ்வுகளில் நிறைந்திருப்பது அதுதான். ஆனால் 100 கிராம் பச்சைக் கீரையில் கொழுப்பு என்று மொத்தமாகத் தேறுவதே ஏறக்குறைய அரை கிராம். அதில் 60 சதவீதம், 300 மில்லிகிராம். ஒரு கீரைக்கு இது நல்ல அளவு, குறை சொல்ல மாட்டேன்.

கேப்சூலுக்கு வருவோம். பெரியவர் எதிரிலேயே சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இந்தக் கீரையில் 93 சதவீதம் தண்ணீர். ஒரு கேப்சூலில் உள்ள 500 மில்லிகிராம் பொடி, சுமார் 7 கிராம் பச்சை இலைக்குச் சமம். அதில் லினோலெனிக் அமிலம் 21 மில்லிகிராம். ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.6 கிராம். வகுத்தால் 76 கேப்சூல் வருகிறது. அவர் போட்டுக்கொண்டிருந்தது இரண்டு. (பொடித்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டி சாப்பிட்டாலே அந்த 1.6 கிராம் கிடைத்துவிடும்.)

அந்த 21 மில்லிகிராமும் முழுசாக இருக்குமா என்பது வேறு கதை. இந்த அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் கெடும். ஒரு கேப்சூலைப் பிரித்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "பழைய எண்ணெய் வாடை அடிக்குதே" என்றார்.

மீன் எண்ணெயில் இருப்பது இபிஏ, டிஎச்ஏ என்ற வேறு இரண்டு ஒமேகா-3 வகைகள். இலையில் இருப்பது அவற்றுக்கு மூலப்பொருள். ஆண்களின் உடலில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இபிஏவாக மாறுவது அரிது; டிஎச்ஏவாக மாறுவது ஒரு சதவீதத்தை எட்டினாலே பெரிது. ட்ரைகிளிசரைடைக் குறைக்க எழுதிய மருந்தின் இடத்தில் இதை வைக்கவே முடியாது. ரெண்டுக்கும் ஒமேகா-3 என்றே பெயர் இருப்பதால் வந்த வினை.

எழுந்து போகும்போதுதான், தினமும் காலையில் அதே கீரையைப் பச்சையாக அரைத்து ஒரு டம்ளர் குடிப்பதாகவும் சொன்னார். சிறுநீரகக் கல் எடுத்தவர் என்று ஃபைலில் இருந்தது. சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய ஆக்சலேட் பருப்புக்கீரையில் அதிகம். கல் வந்தவர்களுக்கு அந்தச் சாறு வேண்டவே வேண்டாம். திரும்ப உட்கார வைத்தேன். சாற்றை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். ஆசைப்பட்டால் எப்போதாவது வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடலாம், அதையும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. மீன் எண்ணெய் மாத்திரை பற்றி அவருடைய டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். டப்பாவை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.