குண்டு மிளகாய் என்ன பாவம் செய்தது?

இந்த மாதத்தில் இது நான்காவது. அழகாபுரத்திலிருந்து ஒரு அம்மா, வேரோடு பிடுங்கிய குண்டு மிளகாய்ச் செடியைப் பையில் போட்டுக்கொண்டு ஏற்காடு அடிவாரத்தில் உள்ள எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வந்தார். "இது பக்கத்துல இருந்துதான் தம்பி குடைமிளகாய் காரமாயிடுச்சுங்க. பேத்தி ஒரு துண்டு கடிச்சுட்டு அழுதுட்டா."

நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த செடி!

ஒருமுறை சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். பக்கத்துச் செடியின் மகரந்தம் இந்த வருடக் காயைக் காரமாக்காது. தேனீ காலில் ஒட்டி மகரந்தம் வரும், குடைமிளகாய்ப் பூவில் விழும், சரி. ஆனால் காயின் தோல், சதை, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதி எல்லாமே தாய்ச்செடியின் உடம்பு. காரம் ஊறுவது அந்த வெள்ளைப் பகுதியில்தான். பிள்ளைக்கு அப்பன் ஜாடை வரலாம், சுமக்கிறவள் முகமா மாறும்? கலப்பு நடப்பது விதைக்குள் மட்டும்தான். அந்த விதையை முளைக்கவைத்தால் அடுத்த தலைமுறையில் தெரியும். ஆத்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள், பக்கத்து வயலால் அதே கதிரிலேயே மணி நிறம் மாறுமே என்பார்கள். உண்மைதான். அங்கே நாம் பார்க்கிற மணியே விதை.

"விதை ஏதும்மா?" என்றேன். போன வருடம் அதே மாடியில் பழுத்த குடைமிளகாயில் எடுத்ததாம். "காய் சிறுத்து, கூம்பியிருக்கா?" "ஆமாங்க!" அவ்வளவுதான். கலப்பு போன வருடமே நடந்துவிட்டது. குடைமிளகாய், குண்டு, சம்பா, பஜ்ஜி மிளகாய் எல்லாம் ஒரே இனம். அதில் காரம் ஓங்கு பண்பு. அப்பன் காரமென்றால் பிள்ளையும் காரம்தான். (ஏற்காட்டில் ஒருவர் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியையே சந்தேகப்பட்டார். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பெப்பர் என்று பெயராம்! மிளகு வேறு குடும்பமே.)

சமையலுக்கு மட்டும் என்றால் எதை வேண்டுமானாலும் பக்கத்தில் வையுங்கள். பிடுங்காதீர்கள்.

விதைக்கு என்றால் கவனம் வேண்டும். மகரந்தத்தைத் தடுக்க நடுவில் ஒரு தக்காளித் தொட்டி வைத்தேன் என்று சொல்லாதீர்கள். விவசாயிக்கு விற்கிற சான்று விதைக்கே வேறு ரக மிளகாயிலிருந்து 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள், அதை உண்டாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 400. மாடியில் எங்கே போவது? ஒரு கிளையில் விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, மொட்டுகளோடு மெல்லிய வலைப்பையைக் கட்டுங்கள். காலையில் லேசாகத் தட்டிவிட்டால் போதும், மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயின் காம்பில் கலர் நூல் கட்டுங்கள். நூல் கட்ட மறந்து நானே ஒரு பருவத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன். காய் நன்றாகப் பழுத்தபின் விதை எடுங்கள். கடையில் வாங்கிய குடைமிளகாய் பெரும்பாலும் ஹைப்ரிட். எத்தனை பை கட்டினாலும் அதன் விதை அப்படியே வராது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பை கட்டாமல் எடுத்த விதையை உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும்போது பொட்டலத்தில் "கலந்திருக்கலாம்" என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். அந்த அம்மா ஏற்கெனவே ஆறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

குண்டு மிளகாயை மேலே பாதி வெட்டி, நிழலில் நட்டு வைத்திருக்கிறேன். பிழைத்தால் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.