காலுக்கு ஒரு கண்மாய்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பத்தாவுக்குக் காலில் ரத்தக்கட்டு வந்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். இறுக்கமான காலுறையை இரண்டு வருஷம் போடச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் முடியவில்லை என்கிறார்கள். கழற்றிவிடலாமா?"

கழற்றுவதற்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்பி இறங்காமல் உள்ளே வால்வுகள் தடுக்கின்றன. ஆழத்துச் சிரையில் கட்டு வந்தால் இந்த வால்வுகள் தழும்பேறிச் சரியாக மூடாமல் போகலாம். அப்புறம் வீக்கம், கனம், தோல் கறுப்பது, முற்றினால் புண். கட்டு வந்தவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை ஏதாவது ஒரு அளவில் வருகிறது.

இனி எனக்குப் பிடித்த இடம். கண்மாயில் மார்பளவு தண்ணீரில் நின்றால் வீங்கிய கால் லேசாகிவிடும். அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் 90 மில்லிமீட்டரை நெருங்கும். காரணம், இதயம் வரை நிற்கும் ரத்தத்தின் எடை. வெளியே இருக்கும் தண்ணீரும் அதே கணக்கில், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 74 மில்லிமீட்டர், திருப்பி அழுத்துகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். கால் நோயால் அவதிப்பட்ட கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர் அமெரிக்காவில் நீச்சல் குளத்தில் நின்றபோது இதை உணர்ந்தார். 1950 வாக்கில் அவர் செய்த காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் பிடித்தது. கண்மாயை மடித்துக் காலில் மாட்டிவிட்டார்!

பலூன் ஊதியவருக்குத் தெரியும்: சின்னதாக இருக்கும்போதுதான் ஊதக் கஷ்டம். ஒரே இழுவிசைக்கு, வளைவின் ஆரம் குறைந்தால் அழுத்தம் கூடும். இது லாப்லாஸ் விதி. ஒல்லியான கணுக்காலில் அதே நெசவு கூடுதலாக அழுத்துவது இதனால்தான். முன்னங்கால் எலும்பு விளிம்பில் அது உறுத்துவதும், கணுமுட்டுக்குப் பின்னால் உள்ள குழிவில் பிடிக்காமல் போவதும் இதே விதியால்தான். கண்ணேறுக்குக் காலில் கறுப்புக் கயிறு கட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வீங்கும் காலில் ஒரே இடத்தில் இறுகும் கயிறு, ஏறுகிற ரத்தத்துக்குக் குறுக்கே வரப்பு போட்ட மாதிரி. காலுறையின் மேல்விளிம்பைச் சுருட்டிவிட்டாலும் அதே கதை.

இவ்வளவு அழகான விதி இருந்தும் சோதனையில் சறுக்கியது. 1997-இலும் 2004-இலும் வந்த சிறிய ஆய்வுகள் காலுறை தொல்லையைப் பாதியாகக் குறைக்கிறது என்றன. அவற்றில் யார் போட்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2014-இல் வெளியான ஆய்வில், கனடாவிலும் அமெரிக்காவிலும் 806 பேரை வைத்து, பாதிப் பேருக்கு அசலும் மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான, அழுத்தமில்லாத போலியும் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் தொல்லை வந்தவர்கள் அசலில் 14.2 சதவீதம், போலியில் 12.7. கடைசிவரை வாரம் மூன்று நாளாவது போட்டவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான் என்று குறை சொல்கிறார்கள். கனடாக் குளிரிலேயே அப்படியென்றால் காரைக்குடியில்?

போலிக் காலுறை தைக்கப் பணம் ஒதுக்குவதை வீண் செலவு என்பவர்கள் உண்டு. 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்த அழகப்பர் ஊரில் அப்படிச் சொல்லலாமா?

ஆக, அப்பத்தா விஷயம். பின்னால் வரக்கூடிய தொல்லையைத் தடுக்க எல்லோரும் போட்டே ஆகவேண்டும் என்பதற்கு இன்று உறுதியான ஆதாரமில்லை. வீக்கமும் வலியும் போட்டால் குறைகிறது என்றால் போடட்டும். காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன் மாட்டுவது நல்லது. எரிச்சல் மட்டுமே மிச்சம் என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை இருந்தால் காலின் தமனி ஓட்டத்தைப் பார்த்த பிறகே போடவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது. டாக்டர் சரி என்றால் நடக்கட்டும்: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் போகிறவர்களைப் போல இல்லை, வளவைச் சுற்றி நாலு நடை.