‘மர்ம நபர்’ முதல் ‘விசாரணைக்குரியவர்’ வரை

காரைக்குடிப் பக்கம் எங்கள் தெருவில் போன வருடம் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் காணோம். ஒரு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிட்டது. மளிகைக்கடை கேமராவில் பதிந்த படம். போர்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போகிறார் ஒரு வடக்கத்திக்காரர். கீழே ‘குழந்தை கடத்தும் மர்ம நபர், உஷார்!’ என்று ஒரு வரி. பையனோ, அவன் அம்மா வேலை பார்க்கும் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில், ஜமுக்காளக் கட்டுகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்தப் படம் மட்டும் மறுநாளும் தேவகோட்டை, பள்ளத்தூர் குழுக்களில் சுற்றியது. போர்வைக்காரர் அப்புறம் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

அவருக்கு ‘மர்ம நபர்’ என்று பெயர் வைத்தது யார்? யாருமில்லை. செய்திகளில் தினமும் புழங்கும் சொல், தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வடமொழியில் மர்மம் என்பது அடிபட்டால் உயிர் போகும் இடம். நம் வர்மக்கலையின் வர்மமும் அதுதான். மறைவானது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. நபர் அரபியிலிருந்து வந்த சொல். ஆசாமியும் அப்படித்தான், மூலத்தில் அதற்குப் ‘பெயர்கள்’ என்று பொருள். நாமோ பெயர் தெரியாத ஆளைத்தான் ஆசாமி என்கிறோம். வங்காளத்தில் குற்றம் சாட்டப்பட்டவரே ஆசாமி. சந்தேகம் என்ற சொல்லின் வேருக்குப் ‘பூசுதல்’ என்று பொருள். பூசியது எளிதில் போவதில்லை என்பதை அந்தப் போர்வைக்காரர் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன்.

ஆங்கிலச் செய்திகளில் இந்த இடத்தில் வருவது ‘பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. அமெரிக்கப் போலீசார் பரப்பிய தொடர். இதற்குச் சட்ட விளக்கம் அங்கேயும் இல்லை, நம் சட்டத்திலும் இல்லை. சிலர் இதை ‘ஆர்வமுள்ள நபர்’ என்று தமிழாக்குகிறார்கள்; அது பிழை. பர்மா, மலேயா லேவாதேவிக் கணக்குகளில் ஊறிய செட்டிநாட்டில் இன்ட்ரஸ்ட் என்றால் முதலில் வட்டிதான் நினைவுக்கு வரும். அந்த வட்டிக்கும் இந்த இன்ட்ரஸ்டுக்கும் ஒரே லத்தீன் மூலம்: இடையில் இருத்தல், சம்பந்தப்படுதல். ஆக, ‘இந்த விஷயத்தில் ஏதோ சம்பந்தம் இருக்கலாம், கேட்டுப் பார்க்க வேண்டும்’ என்பதுதான் தொடரின் முழுப் பொருள். கடைசியாகக் குழந்தையைப் பார்த்த கடைக்காரரும் இதில் அடங்குவார்.

2007-ல் போர்ச்சுக்கலில் ஒரு பிரிட்டிஷ் சிறுமி காணாமல் போனபோது ‘அர்கீடு’ என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. அந்த நாட்டுச் சட்டத்தில் அது, சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்படுகிறவருக்குத் தரும் முறையான நிலை. அந்த நிலையில் உள்ளவருக்கு வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு, வழக்கறிஞர் உண்டு. அக்கம்பக்கத்துக்காரர் ஒருவரும், பிறகு சிறுமியின் பெற்றோரும் அர்கீடு ஆனார்கள். பத்திரிகைகள் அதைக் குற்றவாளி என்கிற அளவுக்குக் கொண்டுபோயின. 2008-ல் அந்த அக்கம்பக்கத்துக்காரருக்குப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் 6 லட்சம் பவுண்டு நஷ்டஈடு கொடுத்து மன்னிப்புக் கேட்டன.

நம் நாட்டில் 2013-ல் உச்ச நீதிமன்றம், குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தல் என்றே கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்றது. மிக அவசியமான உத்தரவு. தேடுதல் உடனே தொடங்கும். ஆனால் அறிக்கையில் ‘கடத்தல்’ என்று இருப்பதாலேயே கடத்திய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று ஆகிவிடாது. செய்தி எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அப்படி வழுக்கிய சொல் ஊர்வாயில் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ ஆகிறது. 2018 மே மாதம் போளூர் அருகே, வழியில் பார்த்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவரை அந்தச் சந்தேகத்தில்தான் அடித்தே கொன்றார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன்தான் கோவலன். ஒரு பொற்கொல்லன் வாயால் கள்வன் ஆனான்; விசாரணையே நடக்கவில்லை. கண்ணகி பாண்டியனைத் ‘தேரா மன்னா’ என்று விளித்தாள். தேர்தல் என்றால் ஆராய்தல். அந்த ஆராய்தல் இன்னும் பாக்கி என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். அதனால் ‘விசாரணைக்குரியவர்’ என்பதே என் தேர்வு. வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘உசாவலுக்குரியவர்’ எனலாம். உசாவுதல் பழைய தமிழ்ச்சொல்.

சந்தேகப்படத் தக்க காரணம் கிடைத்த பிறகே ‘ஐயத்துக்குரியவர்’. வழக்கில் சேர்த்த பிறகு ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. ‘குற்றவாளி கைது’ என்று தலைப்புப் போடுவது தவறு. அந்தச் சொல் தீர்ப்புக்குப் பிறகு மட்டுமே வரவேண்டும். வெறுமனே கேமராவில் பதிந்து நடந்து போகிறவருக்கு இதில் எந்தப் பெயரும் பொருந்தாது. அவர் போர்வை விற்கிறவர் என்றால், போர்வை விற்கிறவர்.