ஒலிபெருக்கி: பெருக்குவது எது?

மரப்பெட்டிக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைச் செய்து முடித்தேன். பின்னாளில் பழுது பார்க்க வசதியாக ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் சிக்கல். வட்டமான ஸ்பீக்கரில் ‘ஒலிபெருக்கி’ என்று எழுதிவிட்டேன். சரி, ஆம்ப்ளிஃபையர் பலகைக்கு என்ன எழுதுவது?

பெருகுவது தானாக நடப்பது. பெருக்குவது ஒருவர் செய்வது. அதைச் செய்யும் கருவி பெருக்கி. (வாசல் பெருக்குவது வேறு கதை.) ஆம்ப்ளிஃபையர் என்ற சொல்லும் ‘பெரிதாக்கு’ என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்ததுதான். ஆக, பெருக்கி என்ற பெயருக்கு உரிமை அந்தப் பலகைக்கே. மெலிந்து வரும் மின்குறிப்பை அதுதான் வலுவாக்குகிறது.

ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. காந்தத்தின் இடுக்கில் இருக்கும் கம்பிச்சுருள் முன்னும் பின்னும் ஆட, அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவே. வீட்டு ஸ்பீக்கர்களில் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான் ஒலியாகிறது. மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும். இதற்கா பெருக்கி என்று பெயர்?

ஆங்கிலப் பெயரில் இந்தக் குழப்பம் இல்லை. லவுட்ஸ்பீக்கர் என்றால் உரக்கப் பேசுவது. ‘லவுட்’ உதிர்ந்து ‘ஸ்பீக்கர்’ நின்றது. 1915-ல் பொறியாளர்கள் பிரிதாமும் ஜென்சனும் தாங்கள் செய்த ஸ்பீக்கருக்கு வைத்த ‘மேக்னவாக்ஸ்’ என்ற பெயருக்கும் லத்தீனில் ‘பெருங்குரல்’ என்றுதான் பொருள்.

பெட்டியாவது பெருக்குகிறதா? வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டால் கொசு பாடுவதுபோல் இருக்கும். ஓர் அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கரின் முகத்தை அதில் அழுத்துங்கள்; காணாமல்போன பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) வந்துவிடும். கூம்பின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அட்டை அதைத் தடுத்தது. மரப்பெட்டி செய்வதும் முக்கியமாக அதைத்தான்.

ப்ளூடூத்துக்கு ‘ஊடலை’ என்று ஒரு சொல் உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ப்ளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர். ஆள் பெயரை மொழிபெயர்ப்பானேன்? பொதுவாகச் சொல்லக் ‘கம்பியில்லா’ போதும்.

கடைசியில் பலகைக்குப் ‘பெருக்கி’ என்று ஒட்டினேன். ஸ்பீக்கரில் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு ‘ஸ்பீக்கர்’ என்றே எழுதினேன். ‘ஒலிபெருக்கி’ பெட்டியின் வெளிப்புறத்துக்குப் போனது. பெருக்கி உள்ளே இருக்கிறதே!