மீன்தொட்டிக்குள் பெருகும் வேண்டாத உயிர்கள்

நன்னீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், தாம் வாங்காத உயிர்கள் சில தொட்டிக்குள் நடமாடுவதை என்றேனும் ஒருநாள் காண்கிறார்கள். கண்ணாடியில் ஊரும் சிறு நத்தைகள், மணலிலிருந்து தலைநீட்டும் நூல் போன்ற புழுக்கள், இலை நுனியில் தொங்கும் ஹைட்ரா எனும் சிற்றுயிர் ஆகியவை இவற்றுள் அடங்கும். இவை நீரில் தாமாகத் தோன்றுவதில்லை. இலையின் அடிப்புறத்தில் ஒட்டிய முட்டைத்திரளாகவோ, வேர்களுக்கிடையே சிக்கிய குஞ்சாகவோ, மீனுடன் வந்த நீரிலோ, உயிர் உணவிலோ வந்து சேர்கின்றன. கண்டவுடன் மருந்தை ஊற்றிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் வந்திருப்பது எந்த உயிர், அது எவ்வாறு பெருகுகிறது என்பதை அறியாமல் செய்யும் ஒழிப்பு நிலைப்பதில்லை. பல வேளைகளில் அந்த உயிரைவிட ஒழிப்பு முறையே மீன்களுக்குக் கேடாக முடிகிறது.

நத்தைகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். தொட்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது ஃபைசா எனப்படும் சிறு நத்தை. கூர்முனை மேலே இருக்குமாறு ஓட்டை நிமிர்த்திப் பிடித்தால் அதன் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும் என்பதால் இதை எளிதில் அடையாளம் காணலாம். ஒவ்வொரு ஃபைசாவும் இருபாலுயிரி. இணை கிடைத்தால் சேரும், கிடைக்காவிட்டால் தன் முட்டைகளைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். தட்டையான சுருள் ஓடு கொண்ட நத்தைகளும் இருபாலுயிரிகளே. அவற்றின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால், ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும் நீரிலும் அவை தாக்குப்பிடிக்கின்றன. நீண்ட கூம்பு வடிவ ஓடு கொண்ட மெலனாய்டஸ் இன்னொரு வழியைக் கைக்கொள்கிறது. இவ்வினத்தில் பெண் நத்தைகள் ஆணின்றியே கன்னி இனப்பெருக்கத்தால் குஞ்சுகளை ஈனுகின்றன. பகலில் மணலுக்குள் புதைந்துகொண்டு இரவில் வெளிவருகின்றன. ஆக, மூன்று வகையிலும் புதிய கூட்டத்தைத் தொடங்க ஒரே ஒரு நத்தை போதும். நூறு நத்தைகளைக் கையால் பொறுக்கியும் ஒன்று தப்பிவிட்டால் கணக்கு மறுபடி தொடங்கிவிடுகிறது என்பதன் காரணம் இதுதான்.

அவ்வாறாயின் எண்ணிக்கையை எது நிர்ணயிக்கிறது? உணவுதான். மீன்கள் உண்ணாமல் விட்ட தீவனம், அழுகும் இலைகள், கண்ணாடியில் படரும் பாசி ஆகியவை எவ்வளவு கிடைக்கின்றனவோ அந்த அளவுக்கு நத்தைகள் பெருகுகின்றன. பாதியைப் பிடித்து வெளியேற்றினால், எஞ்சியவற்றுக்கு ஆளுக்கு இரட்டிப்பு உணவு கிடைக்கிறது. அவை விரைந்து வளர்ந்து கூடுதலாக முட்டையிட்டு வெற்றிடத்தை நிரப்பிவிடுகின்றன. ஆகவே நத்தைகளின் திடீர்ப் பெருக்கத்தை நோயாகக் கருதாமல், தொட்டிக்குள் உணவு மிஞ்சுகிறது என்பதைக் காட்டும் அளவீடாகக் கருதுவதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. சில நிமிடங்களில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவு மட்டுமே தீவனம் இடுவது, அடிமணலைக் குழாய்கொண்டு உறிஞ்சித் தூய்மைப்படுத்துவது, வாடிய இலைகளை அகற்றுவது ஆகியவற்றைத் தொடர்ந்து செய்தால் எண்ணிக்கை சில வாரங்களில் சரியத் தொடங்கும். நத்தைகளைப் பொறுக்குவது இவற்றோடு சேரும்போதுதான் பயன் தருகிறது. இரவில் வெந்த காய்த்துண்டு ஒன்றைத் தொட்டியில் இட்டு, காலையில் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு எடுத்துவிடுவது எளிய முறை.

நத்தைக்கொல்லி மருந்துகள் பலவற்றில் செயல்படும் பொருள் தாமிரம். நன்னீரில் வாழும் உயிர் தன் உடலின் உப்புகளை ஓயாமல் நீரிடம் இழந்துகொண்டே இருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நீரிலிருந்து சோடியத்தை இடைவிடாது உறிஞ்ச வேண்டும். தாமிர அயனிகள் இந்த உறிஞ்சுதலைத் தடுக்கின்றன. இறால்களும் இதே வழியில் மடிகின்றன. அளவு மிகுந்தால் மீன்களும் தப்புவதில்லை. உப்புகள் குறைந்த மென்னீரில் தாமிரத்தின் நச்சுத்தன்மை கூடுதலாக இருக்கும் என்பதால், ஒரு தொட்டியில் பாதுகாப்பாக இருந்த அளவு இன்னொரு தொட்டியில் கொல்லும் அளவாகிவிடலாம். இதைவிடப் பெரிய இடர், மருந்து வேலை செய்த பிறகு வருகிறது. மணலுக்குள்ளும் கற்களுக்கடியிலும் ஒரே நேரத்தில் மடிந்த நத்தைகள் அழுகும்போது, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்களால் மாற்றிமுடிக்க இயலாத அளவுக்கு அம்மோனியா வெளியாகிறது. வெப்பநிலை 25 பாகை செல்சியசில், நீரின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். மதிப்பு 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டிற்கும் குறைவான பகுதியே நச்சு வடிவில் இருக்கும். அதே மதிப்பு 8 ஆனால் அப்பகுதி ஏறத்தாழ 5 விழுக்காடாக உயர்கிறது. மருந்திட்ட மறுநாள் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்பிளந்து திணறினால், மருந்தை மட்டும் ஐயுறாமல் அம்மோனியாவையும் அளந்து பார்த்து, நீரின் ஒரு பகுதியை உடனே மாற்ற வேண்டும்.

நத்தை உண்ணும் மீன்களை வாங்கி விடுவது பலர் சொல்லும் தீர்வு. லோச் வகை மீன்கள் நத்தைகளை உண்பது உண்மையே. ஆயினும் கோமாளி லோச் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, கூட்டமாக வாழ்வது. சிறு தொட்டியில் அதை அடைப்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. நத்தைகளையே வேட்டையாடும் கொலைகார நத்தை இதனினும் தகுந்த துணை. அதில் ஆண், பெண் தனித்தனி. முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகிறது, வளர்ச்சியும் மெதுவானது. ஆகவே அது தானே புதிய தொல்லையாக மாறுவது அரிது.

தட்டைப்புழுவான பிளனேரியாவின் கதை வேறு. அம்பு முனை போன்ற தலை, அதில் இரு கண்புள்ளிகள், நெளியாமல் வழுக்கிச் செல்லும் நடை ஆகியவை அதன் அடையாளங்கள். வளர்ந்த மீன்களுக்கு இதனால் தீங்கில்லை. இறால் குஞ்சுகளுக்கும் முட்டைகளுக்கும்தான் ஆபத்து. இதன் உடல் முழுவதும் நியோபிளாஸ்ட் எனும் குருத்தணுக்கள் பரவியிருக்கின்றன; எந்தத் துண்டிலும் அவை போதுமான அளவு இருந்தால் அது முழுப்புழுவாக வளர்ந்துவிடும். புழுவின் உடலில் 279இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுமையாக மீண்டு வளர முடியும் என்று அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1898இல் கணித்தார். பாசி சுரண்டும் தகட்டால் கண்ணாடியில் ஊரும் புழுவை நசுக்குபவர், பல புழுக்களைத் தொட்டிக்குள் விதைக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

ஹைட்ராவும் அவ்வாறே. நெதர்லாந்தில் ஆசிரியராகப் பணியாற்றிய ஜெனீவாக்காரர் ஆபிரகாம் டிரெம்ப்ளே, 1740இல் இதனை வெட்டிப் பார்த்தபோது இரு துண்டுகளும் தனித்தனி உயிராக வளர்ந்ததைக் கண்டார்; இழப்பு மீட்டல் குறித்த சோதனை ஆய்வுகளில் இது முன்னோடியானது. உணவு மிகுந்திருக்கையில் ஹைட்ராவின் பக்கத்தில் அரும்பு தோன்றி, சில நாள்களில் தனியாகப் பிரிந்துவிடுகிறது. அதன் உணர்நீட்சிகளில் உள்ள கொட்டும் செல்கள், இரை பட்டவுடன் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் தம் நச்சூசியைச் செலுத்துகின்றன. பொரித்து ஓரிரு நாளே ஆன மீன்குஞ்சு இதற்கு இரையாகிவிடும். குஞ்சுகளுக்கு உணவாக இடப்படும் ஆர்ட்டீமியா எனும் உவர்நீர் ஓட்டுயிரின் இளவுயிரிகளே ஹைட்ராவுக்கும் விருந்தாவதால், குஞ்சுத் தொட்டிகளில்தான் இது மிகுதியாகப் பெருகுகிறது.

இவ்விரண்டும் தொல்லை தரும் அளவுக்குப் பெருகினால் ஃபென்பெண்டசோல் எனும் குடற்புழு மருந்து பயன்படுகிறது. செல்லின் உட்சட்டமான நுண்குழல்கள் டியூபுலின் எனும் புரத அலகுகளால் கட்டப்படுகின்றன. இம்மருந்து டியூபுலினோடு பிணைந்து, குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. எந்த உறுப்பையும் மீண்டும் வளர்த்துவிடும் அந்தக் குருத்தணுக்களும் பிரிவதற்கு நுண்குழல்கள் தேவை என்பதால், கத்திக்கு அஞ்சாத புழு இம்மருந்துக்குப் பணிகிறது. மீன்களும் இறால்களும் உரிய அளவைத் தாங்கிக்கொண்டாலும், சில நத்தை இனங்கள் தாங்குவதில்லை. அவற்றை முன்கூட்டியே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பிளனேரியாவுக்கென விற்கப்படும் வேறு சில மருந்துகளில் பாக்கின் சாறு சேர்கிறது. அதிலுள்ள அரிகோலின் எனும் பொருள் புழுவின் நரம்புமண்டலத்தைத் தாக்கிச் செயலிழக்கச் செய்கிறது.

மணலிலிருந்து வெளிவந்து நீரில் நெளியும் வெண்ணிற நூற்புழுக்களைப் பிளனேரியா என்று தவறாகக் கருதிப் பலர் மருந்திடுகிறார்கள். அவை மண்புழுவின் உறவினங்கள்; கழிவை உண்டு வாழ்பவை. அவை கூட்டமாக மேலே வந்தால், அடிமணலில் கழிவு மிகுந்துவிட்டது அல்லது ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். சைக்ளாப்ஸ், ஆஸ்ட்ரகோடு போன்ற நுண்ணிய ஓட்டுயிர்கள் மீன்களுக்கு நல்ல உணவு. இவற்றைக் கொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தும்பியின் இளவுயிரியை மட்டும் கண்டவுடன் அகற்றியே தீர வேண்டும். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கணப்பொழுதில் முன்னே எறிந்து இரையைக் கவ்வும் இந்த வேட்டையாளி, தன் அளவுள்ள மீனையும் விடுவதில்லை. ஒரு கைவலையே இதற்குப் போதும்.

வெளியேற்றிய நத்தைகளையும் தாவரங்களையும் குளத்திலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது. ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் உரிய மெலனாய்டஸ், மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்க நீர்நிலைகளுக்குச் சென்று அங்கே நிலைத்துவிட்டது. உறையவைத்த பிறகோ நசுக்கிய பிறகோ குப்பையில் சேர்ப்பதே பாதுகாப்பானது.

புதிய தாவரங்களைத் தனிக்கலத்தில் மூன்று, நான்கு வாரம் வைத்திருப்பது மற்ற எல்லா முறைகளையும்விடப் பயன் மிகுந்தது. நத்தை முட்டைகள் பொதுவாக ஓரிரு வாரங்களில் பொரிந்துவிடுவதால், அந்தக் காலத்தில் குஞ்சுகள் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். காத்திருக்க இயலாதவர்கள், ஒரு பங்கு பிளீச் திரவத்தோடு பத்தொன்பது பங்கு நீர் கலந்து, தடித்த இலைகளைக் கொண்ட தாவரங்களை இரண்டு நிமிடத்திற்கு மிகாமல் அமிழ்த்தியெடுத்து, குளோரின் நீக்கி கலந்த நீரில் நன்கு அலசலாம். மாஸ் வகைத் தாவரங்களும் மென்மையான இலைகளும் இதில் கருகிவிடும். அவற்றுக்குப் படிகாரக் கரைசலே ஏற்றது. முட்டைகளைச் சூழ்ந்த கூழ்ப்பொருள் எந்தக் கரைசலையும் ஓரளவு தடுத்துவிடுவதால், இலையின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்து முட்டைத்திரளைச் சுரண்டி எடுத்த பிறகே அமிழ்த்த வேண்டும். ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் கூழ் ஊடகத்தில் வளர்க்கப்பட்ட தாவரங்களுக்கு இந்த ஏற்பாடுகள் எவையும் தேவையில்லை; ஊடகத்தை நீரில் கழுவி நீக்கிவிட்டு நேரடியாக நடலாம்.